ஒரே கூரை, ஆளுக்கொரு திரை: வீட்டிலும் ஊரிலும் திரை நேரம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசியும் தொலைக்காட்சியும் குடும்ப உறவுகளையும் ஊர்ப் பழக்கத்தையும் என்ன செய்கின்றன என்று பெற்றோர் கூட்டங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை. கண் எரிச்சல், கழுத்து வலி, தூக்கக் கேடு ஆகியவற்றை மருத்துவர்களுக்கு விட்டுவிட்டோம்; மனிதர்களுக்கு இடையில் நடப்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

திரை நேரம் என்று எதைக் கணக்கிட வேண்டும்?

கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்றால், அன்றைக்கு எத்தனை மணி நேரம், எந்தச் செயலியில் கழிந்தது என்பதைக் காணலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் 2018ஆம் ஆண்டிலேயே இந்த வசதி வந்துவிட்டது. முதல் முறை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதிர்ந்துபோகிறார்கள் என்பதால் அதற்கு ஒரு பயன் உண்டு. ஆனால் உறவு பற்றிய கேள்விக்கு அந்த எண் பாதி விடையைத்தான் தரும். வேலை முடிந்து பேருந்தில் தனியாக வரும் ஒருவர் ஒரு மணி நேரம் காணொளி பார்ப்பதும், வீட்டுக்கு வந்தபின் மனைவியும் பிள்ளைகளும் அருகில் இருக்கும்போது அதே ஒரு மணி நேரம் பார்ப்பதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். முன்னதால் வேறு யாருடைய நேரமும் குறையவில்லை. பின்னதில் நான்கு பேருக்குப் பொதுவான ஒரு மணி நேரம் போய்விட்டது. ஆகவே எத்தனை மணி நேரம் என்பதைவிட, அது யாருடன் கழிந்திருக்க வேண்டிய நேரம் என்பதையே இங்கே முதன்மையாகக் கேட்கிறோம்.

தொலைக்காட்சி வந்தபோதும் இதே புலம்பல்தானே இருந்தது? இப்போது புதிதாக என்ன நடந்துவிட்டது?

புலம்பல் பழையது என்பது உண்மை. ஆனால் ஒரு திரைக்கு முன் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், நடந்திருப்பது என்னவென்று விளங்கும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் பிறகு வெகுகாலம் கிராமங்களில் வசதியான ஓரிரு வீடுகளிலும், பின்னர் பஞ்சாயத்துத் தொலைக்காட்சி அறையிலும் மட்டுமே பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் வெள்ளிக்கிழமைத் திரைப்பாடல் நிகழ்ச்சிக்கும் தெருவே அங்கே கூடியது. குழந்தைகள் முன்வரிசையில் தரையில் உட்கார, பெண்கள் சுவரோரம் சாய்ந்திருக்க, ஆண்கள் வாசற்படியில் நின்றபடியே பார்த்தார்கள். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஒருவர் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா?" என்று கேட்பார், கீழிருந்து பத்துக் குரல்கள் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்தும். மின்சாரம் போனாலும் கூட்டம் கலையாது; வரும் வரை ஊர்க்கதை ஓடும். (அந்த முற்றத்துக்குள் எல்லாச் சாதியினரும் வந்து உட்கார முடிந்ததா என்றால், பல ஊர்களில் இல்லை. பழைய நாட்களை நினைத்து ஏங்கும்போது இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்வது நல்லது.)

1993இல் சன் டிவி வந்தது. கேபிள் கம்பி தெருத்தெருவாக நுழைந்தது. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, குடிசை வீட்டிலும் பெட்டி ஒளிர்ந்தது. தெருவில் கூடிய கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குள் போனது. மாலையில் திண்ணையில் ஆள் குறைந்தது அப்போதுதான். ஆயினும் ஒரு பெட்டிக்கு ஐந்து பேர் என்ற கணக்கு மிஞ்சியிருந்தது. பாட்டிக்குத் தொடர், அப்பாவுக்குச் செய்தி, பையனுக்குக் கிரிக்கெட் என்று ரிமோட்டுக்கு நடந்த சண்டைகூட ஒரு வகையில் குடும்பப் பேச்சுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்த பிறகு, அந்தச் சண்டையும் ஓய்ந்தது. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு காதொலிப்பான். ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று திரை பெருகப் பெருக, ஒவ்வொரு திரைக்கும் எதிரே இருந்த கூட்டம் சுருங்கிச் சுருங்கி ஒருவரில் வந்து நின்றிருக்கிறது. புதிதாக நடந்திருப்பது இதுவே.

இது வெறும் மனப்பதிவா, அல்லது ஆய்வுகளும் இதைச் சொல்கின்றனவா?

இந்தத் துறையில் நடக்கும் ஆய்வுகளில் பல, அதிக நேரம் திரை பார்ப்பவர் அதிகத் தனிமையில் இருக்கிறார் என்று காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. தனிமையால் திரையை நாடினாரா, திரையால் தனிமைப்பட்டாரா என்பது அவற்றிலிருந்து தெரியாது. எனினும் இரண்டு ஆய்வுகள் இந்தச் சிக்கலைத் தாண்டி நிற்பவை.

ஒன்று, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்தது. அங்கே ஒரு சிற்றூர், பள்ளத்தாக்கில் அமைந்திருந்ததால் 1973 வரை தொலைக்காட்சி அலை எட்டாமல் இருந்தது. அலை எட்டவிருக்கும் நேரத்தில் ஆய்வாளர்கள் அங்கே சென்று, ஏற்கெனவே தொலைக்காட்சி இருந்த வேறு இரண்டு ஊர்களோடு அதை ஒப்பிட்டுப் பதிவு செய்தார்கள்; இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி சென்று பார்த்தார்கள். டானிஸ் மக்பெத் வில்லியம்ஸ் தொகுத்து 1986இல் வெளியான அந்த ஆய்வில் ஊரின் உண்மைப் பெயர் மறைக்கப்பட்டு, தொலைக்காட்சி இல்லாத ஊர் என்ற பொருளில் 'நோட்டெல்' என்று வழங்கப்பட்டது. பெட்டி வந்த பின் விளையாட்டு, மன்றக் கூட்டம், ஊர் நிகழ்ச்சிகள் ஆகியவற்றில் மக்கள் பங்கேற்பு குறைந்திருந்தது. அதே ஊர், அதே மக்கள், இடையில் வந்தது பெட்டி என்பதால் இந்த முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

மற்றொன்று அண்மையது. 2018ஆம் ஆண்டு அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கு ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கச் சிலருக்குப் பணம் கொடுத்து, அவ்வாறு செய்யாதவர்களோடு ஒப்பிட்டார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, முடக்கியவர்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கூடுதல் நேரம் செலவிட்டார்கள். மனநிறைவும் சிறிதளவு கூடியது. ஆனால் அவர்கள் தனியாகத் தொலைக்காட்சி பார்த்த நேரமும் கூடியது; நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. ஒன்றைப் பிடுங்கினால் அந்த இடத்தில் உறவு மட்டும்தான் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பதை இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் திரையால் குடும்பத்துக்கு நன்மையே இல்லையா?

உண்டு. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தியக் கிராமங்களில் கேபிள் தொலைக்காட்சி நுழைந்தபோது என்ன நடந்தது என்று ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல சான்று. அவர்கள் எடுத்துக்கொண்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பதை ஏற்றுக்கொள்ளலாம் என்று கூறும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பம் தளர்ந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் குரல் கூடியது. நாம் கேலி செய்து பழகிய அந்தத் தொடர்கள், வெளியுலகம் வேறு மாதிரியும் இருக்கலாம் என்பதை நான்கு சுவருக்குள் இருந்தவருக்குக் காட்டியிருக்கின்றன. அந்தக் காலத்து ஒற்றுமை என்று நாம் எண்ணுவதில் ஒரு பகுதி, வீட்டுக்குள் இருந்தவருக்கு வேறு வழி தெரியாததால் நிலவிய அமைதியாகவும் இருந்திருக்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் திரைதானே உறவு?

ஆம். வளைகுடாவில் வேலை பார்க்கும் தந்தைக்கும் இராமநாதபுரத்தில் வளரும் மகளுக்கும், டொராண்டோவில் இருக்கும் மகனுக்கும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்கும் இடையே காணொளி அழைப்பு செய்திருக்கும் வேலையை வேறெதுவும் செய்ததில்லை. கடிதம் வரப் பதினைந்து நாள், பதில் போய்ச் சேரப் பதினைந்து நாள் என்றிருந்த காலத்தை அறிந்தவர்கள் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். காது கேளாதவர்களுக்கோ இது அதைவிடப் பெரிது: தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்டு நூறாண்டுகளுக்கும் மேலாகத் தங்களுக்குப் பயன்படாமல் கிடந்த ஒரு கருவியில், சைகை மொழியில் நேருக்கு நேர் பேச முடிந்திருக்கிறது. இந்த நேரத்தையெல்லாம் திரை நேரம் என்ற ஒரே மூட்டைக்குள் கட்டிப் போடுவது தவறு.

கணவன் மனைவிக்கு இடையில் இது எப்படிப் பிளவை உண்டாக்குகிறது?

பெரிய சண்டையாக அது பெரும்பாலும் வருவதில்லை. சமையலறையிலிருந்து மனைவி ஏதோ சொல்கிறார்: பக்கத்து வீட்டு அக்காவுக்கு அறுவை சிகிச்சையாம், வியாழக்கிழமையாம். கணவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்கிறார். வியாழக்கிழமை காலையில் "அக்காவைப் பார்க்கப் போகணும்" என்று மனைவி சொல்லும்போது, "ஏன், என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே காதில் விழவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த "ம்" ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இப்படி நாலைந்து முறை நடந்தால், சொல்வதே வீண் என்று ஒருவர் சொல்வதை நிறுத்திக்கொள்கிறார். மற்றவரோ, "இப்பல்லாம் நீ எதையும் சொல்றதே இல்ல" என்கிறார். இதில் கணவனையும் மனைவியையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். நிலைமை அப்படியே இருக்கும்.

எதிரில் ஆளை வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்க்கும் இந்தப் பழக்கம் உறவில் மனக்குறையோடு சேர்ந்தே காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் கூறியிருக்கின்றன. நாம் கவனிக்க வேண்டியது கைப்பேசியின் ஒரு தனித்தன்மையை: செய்தித்தாள் படிப்பவர் செய்தித்தாள் படிக்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும், அதில் தலையிட்டுப் பேசலாம். கைப்பேசியில் இருப்பவர் மேலதிகாரிக்குப் பதில் எழுதுகிறாரா, மீம் பார்க்கிறாரா, வேறு யாருடனாவது பேசுகிறாரா என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில்தான் ஐயம் முளைக்கிறது. "ஆபீஸ் மெயில், ரெண்டு நிமிஷம்" என்று வாய்விட்டுச் சொல்வதால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது சிறிய உத்தியாகத் தோன்றலாம்; செய்து பாருங்கள்.

குழந்தைக்குக் கைப்பேசி காட்டிச் சோறு ஊட்டுவது அவ்வளவு பெரிய தவறா?

ஊட்டுகிற தாயைக் குற்றம் சொல்லும் பேச்சு முதலில் நிற்க வேண்டும். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய காலத்தில் ஊட்டுவதற்குப் பாட்டி, சித்தி, அத்தை என்று நான்கு கைகள் இருந்தன. இன்று அடுக்ககத்தில், ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் அலுவலக அழைப்புமாக ஒரே ஒருவர் நிற்கிறார். செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசிதான் அவருக்கு வாய்த்த உதவியாள்.

அளவைப் பொறுத்தவரை, உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே கூறுகிறது. காரணம், குழந்தை எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேச்சையும் உணர்ச்சியையும் கற்கிறது. எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார்: சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய், திடீரென்று அசைவற்ற முகத்தோடு குழந்தையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் எழுப்புகிறது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. அவர் கைப்பேசிக்காக அந்தச் சோதனையைச் செய்யவில்லை. ஆனாலும் திரையில் ஆழ்ந்த முகம் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தால், பிள்ளையின் திரை நேரத்தைப் போலவே பெற்றோரின் திரை நேரமும் கவலைக்குரியது என்பது புரியும்.

ஊர்க் காரியங்களில் என்ன மாற்றம் தெரிகிறது?

துக்க வீட்டைப் பார்த்தால் போதும். முன்பு சாவுச் செய்தி சொல்ல ஆள் போவார். செய்தி வந்த பிறகு போகாமல் இருப்பது பகை என்றே பொருள்படும். இப்போது தெரு வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு செய்தி வருகிறது. பத்து நிமிடத்தில் அறுபது பேர் "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதிக் கைகூப்பும் பொம்மையையும் போட்டுவிடுகிறார்கள். அந்த அறுபது பேரில் பலர், துக்கம் கேட்டாகிவிட்டது என்ற நிம்மதியோடு அன்றைக்கு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். செய்தி முன்னைவிட வேகமாக, முன்னைவிட அதிகம் பேருக்குப் போகிறது. பந்தல் போட, ஐஸ் பெட்டி தூக்க, வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க நிற்கும் கைகள் குறைந்துவிடுகின்றன.

ஆனால் கருவியும் ஊரும் ஒன்று சேரும்போது நேர்மாறாகவும் நடக்கும். 2004 சுனாமியின்போது புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவர் கிராமத்துக்கு, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியே அது ஊருக்கே அறிவிக்கப்பட்டது; மக்கள் ஓடித் தப்பினார்கள். ஒருவருக்கு வந்த செய்தி அவரோடு நிற்காமல் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழும்படி அங்கே ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது என்பதுதான் இதில் முக்கியம்.

ஊரே சேர்ந்து திரையை அணைத்து வைக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. மகாராஷ்டிர மாநிலம் சாங்க்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் உள்ளது. மக்கள்தொகை சுமார் மூவாயிரம். கொரோனா காலத்தில் இணைய வழி வகுப்புக்காகக் கைக்கு வந்த கைப்பேசியைப் பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் விடவில்லை என்று ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள். 2022இல் ஊர்த் தலைவர் விஜய் மோஹித்தே ஒரு யோசனையை முன்வைத்தார்: மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு (சைரன்) ஊதும், எட்டரை மணி வரை எந்த வீட்டிலும் தொலைக்காட்சி ஓடக் கூடாது, கைப்பேசியை எடுக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கலாம், பெரியவர்கள் பேசலாம்.

அது நடைமுறைக்கு வந்த விதம்தான் பாடம். ஆண்கள் முதலில் சிரித்தார்கள். ஊராட்சி பெண்களைக் கூட்டியது. தாங்களும் தொடர்களிலும் கைப்பேசியிலும் நேரத்தை விடுகிறோம் என்று ஒப்புக்கொண்ட அவர்கள், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் என்றால் சம்மதம் என்றார்கள். சுதந்திர நாளை ஒட்டித் திட்டம் தொடங்கியது. சங்கு ஊதியவுடனேயே எல்லாரும் அணைத்துவிடவில்லை. ஊராட்சிப் பணியாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகச் சென்று சொல்ல வேண்டியிருந்தது.

தனி ஒரு வீட்டில் இதைச் செய்தால் ஏன் தோற்றுப்போகிறது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. நான் மட்டும் கைப்பேசியைக் கீழே வைத்துத் திண்ணைக்கு வந்தால், அங்கே பேச ஆள் இல்லை. என் மகன் மட்டும் விளையாட்டை நிறுத்தித் தெருவுக்கு வந்தால், பந்து போட எவனும் இல்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போய் மறுபடி எடுத்துக்கொள்வதுதான் இயல்பு. இதைத் தனி மனித உறுதியின் குறைபாடாகப் பேசுவது நியாயமல்ல. எதிர் வீட்டுக்காரரும் அதே நேரத்தில் வெளியே வருவார் என்ற உறுதி இருந்தால்தான் நானும் வருவேன். வட்காவில் ஊதிய சங்கு கொடுத்தது அந்த உறுதியைத்தான். அடுக்கக வளாகத்துக்கோ ஒரே தெருவில் இருக்கும் எட்டு வீடுகளுக்கோ இது பொருந்தாது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

அரசு சட்டம் போட்டுத் தடுத்தால் என்ன?

தென் கொரியா 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு ஆடத் தடை விதித்தது. கணினி விளையாட்டைக் குறிவைத்த சட்டம். பிள்ளைகள் கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். பத்தாண்டு கழித்து, 2021இல், தடையை நீக்குவதாக அரசே அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை தடை 2025இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவ்வகை விளையாட்டுகளையே முற்றிலும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் பறிபோவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சாப்பாட்டு வேளையில் பேச வைக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

பழக்கம் எப்போது நோயாகிறது?

இணைய விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாத நிலையை உலக சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் சேர்த்துள்ளது. படிப்பு, வேலை, உறவு எல்லாம் கெடுவது கண்ணுக்குத் தெரிந்தும் நிறுத்த முடியாமல், பொதுவாகக் குறைந்தது ஓராண்டு அந்நிலை நீடித்தால் அது நோயாகக் கொள்ளப்படுகிறது; மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு 2014 முதல் உள்ளது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம்.

விருந்தினர் வந்திருக்கும்போது கைப்பேசியைக் கீழே வைக்கச் சொல்வது மரியாதைக் குறைவாகாதா?

வாயால் சொன்னால் ஆகலாம். எங்கள் உறவினர் வீடு ஒன்றில் கூடத்துக்குள் நுழையும் இடத்தில், சாவிக்கொத்து மாட்டும் ஆணிக்குக் கீழே ஒரு பிரம்புத் தட்டு இருக்கிறது. வீட்டுக்காரர் தம் கைப்பேசியை ஒலியை அணைக்காமல் அதில் வைத்துவிட்டுத்தான் வந்தவர்களோடு உட்காருவார். யாரையும் எதுவும் கேட்பதில்லை. அழைப்பு வந்தால் எழுந்து போய் வாசலில் நின்று பேசிவிட்டு, மறுபடி தட்டில் வைத்துவிட்டு வருகிறார். போன பொங்கலுக்கு நாங்கள் போயிருந்தபோது அந்தத் தட்டில் ஏழு கைப்பேசிகள் கிடந்தன. ஒன்று அடித்தால் யாருடையது என்று பார்க்க நான்கு பேர் எழுந்து போய், அப்படியே சமையலறைப் பக்கம் நின்று வடை தின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.